தட்டுவதற்கு முன்னால்

எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவதற்காக, அவர்கள் குடிவந்த முதல் இரண்டு வருடங்களில் முப்பத்தொரு முறை போயிருக்கிறேன். ஒரு முறைகூடத் தட்டியதில்லை. விரல்முட்டி மரத்தைத் தொடுவதற்குள் கதவு திறந்துவிடும். அந்த அம்மாள் நின்றுகொண்டிருப்பார். நான் எதைக் கேட்க வந்தேனோ அது அவர் கையில் இருக்கும். செய்தித்தாளுக்காகப் போனால் செய்தித்தாள். தயிருக்கு உறை ஊற்ற மோர் வாங்கிவரும்படி என் மனைவி சொல்லியிருந்தால், சின்னக் கிண்ணத்தில் மோர்.

நான் கணக்கு ஆசிரியர். எண்ணுவதில் பிசகுவதில்லை. என் வாசலிலிருந்து அவர் வாசலுக்குப் பத்தொன்பது எட்டு. எங்கள் காலனியில் இருபத்துநான்கு வீடுகள், பன்னிரண்டு பன்னிரண்டாக எதிரெதிரே. சித்தூர் ஊர் முடிந்து வேலூர் சாலை ஆரம்பிக்கும் இடத்தில், எழுபதுகளில் கட்டினார்கள். கட்டிய காண்டிராக்டர் மரத்தில் மிச்சம் பிடித்திருந்தான். எல்லா வாசல் கதவுக்கும் கீழே மூன்று விரல் அளவு சந்து. தேள் வருகிறது, ஓணான் வருகிறது என்று ஐந்து மனு எழுதிப் போட்டேன். ஐந்துக்கும் பதில் இல்லை.

அந்த அம்மாளின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் இன்னும் எங்காவது இருக்கலாம். அப்படி இருந்தால், நான் இதை எழுத உட்காருவதும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். அவருக்கு அப்போது முப்பது வயதுக்குள் இருக்கும். எங்களைப் போலவே மிஷன் சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம். ஐந்தாம் வகுப்புவரை தமிழில் படித்தவர். எங்களைப் போலவே பிள்ளை இல்லை. கணவர் ஆசீர்வாதம், மின்சார மீட்டர் ரீடர். தினமும் அறுபது எழுபது வீட்டுக் கதவுகளைத் தட்டுகிற உத்தியோகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அந்த அம்மாளிடம் சபைப் பத்திரிகை வாங்கப் போனேன். கையை ஓங்கினேன். கதவு திறந்தது. ஆசீர்வாதம் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓங்கிய கையோடு நான் நிற்பதையும், பத்திரிகையோடு தன் மனைவி நிற்பதையும் பார்த்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"தட்டட்டும்மே. தட்டுன பிறகு திற. எத்தினி தபா சொல்றது?" என்றார். பிறகு எனக்காகச் சிரித்துக்கொண்டு, "நான் ஊரெல்லாம் தட்டிக்கினு வர்றேன் சார். எந்த வீட்லயும் இப்படித் திறக்கறதில்ல. தட்டுனா அஞ்சு எண்ற நேரம் ஆவுது. அப்புறம் யாருன்னு கேக்குறாங்க. அப்புறம்தான் திறக்குறாங்க. அதான் மனுஷங்க வழக்கம், இல்லியா?"

"ஐந்து சரியான சராசரிதான்" என்றேன்.

"கேட்டியா? கணக்கு வாத்தியாரே சொல்லிட்டாரு. அஞ்சு எண்ணு."

அந்த அம்மாள் தலையாட்டினார். கல்யாணத்தன்று கொடுத்த வாக்காம் அது. மற்றப் பெண்களைப் போல இருக்க வேண்டும், முன்னால் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளக் கூடாது. இதைப் பிற்பாடு என் மனைவி சுகிர்தம் சொல்லித்தான் அறிந்தேன். அவளுக்கும் அந்த அம்மாளுக்கும் வயதில் பதினோரு வருட வித்தியாசம் இருந்தும் நல்ல சிநேகிதம்.

அடுத்த முறை நான் போனபோது கதவு திறக்கவில்லை. ஓங்கிய கையைத் தாழ்த்தித் தற்செயலாகக் கீழே பார்த்தேன். சந்தில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. விரல்கள் என் பக்கம் பார்த்திருந்தன. இடது காலில் இரண்டாம் விரல் பெருவிரலைவிட நீளம். அசைவே இல்லை. தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. "யாரு?" என்று குரல் வந்தது. அவருக்கும் எனக்கும் நடுவே ஓர் அங்குலப் பலகை. கதவு திறந்தது. "சாரா? வாங்க சார்" என்று வியப்பைக் காட்டிச் சொன்னார். மோர்க் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தார்.

அன்றிலிருந்து எல்லாம் அந்த முறைப்படியே நடந்தது. முன்பாவது எனக்கு ஆச்சரியமாக மட்டும் இருந்தது. அந்தப் பாதங்களைப் பார்த்த பிறகு, பத்தொன்பது எட்டில் பதினைந்தாவது எட்டிலேயே என் நடை தானாக மெதுவாகிவிடும்.

ஒரு நாள் மத்தியானம் சோதித்துப் பார்த்தேன். என் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவர்கள் வாசல் நேராகத் தெரியும். அவர்கள் பின்கதவு திறந்திருந்தால் சந்தில் வெளிச்சக் கோடு விழும். அன்று கோடு முழுசாக இருந்தது. 'போய் இன்றைய பேப்பரை வாங்கி வரலாம்' என்று மனதுக்குள் நினைத்தேன். நாற்காலியைவிட்டு எழவில்லை. வெளிச்சக் கோட்டில் இரண்டு கறுப்புத் துண்டுகள் வந்து நின்றன. 'வேண்டாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைத்தேன். அவை விலகிவிட்டன. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் வந்தன, போயின.

மறுநாள் சுகிர்தம் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "நேத்து ஜன்னலாண்ட குந்திக்கினு இன்னா விளையாட்டு விளையாடுனீங்க?"

"ஏன்?"

"சாரை அப்படிப் பண்ண வேணாம்னு சொல்லுங்கம்மான்னுச்சி. ஓடி ஓடி வந்து நிக்கறதுல கால் வலிக்குதாம்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உனக்குப் பயமாக இல்லையா?" என்றேன்.

"இன்னா பயம்? நீங்க நடந்து முடிஞ்சதை எண்றீங்க. அது நடக்கறதுக்கு மின்னாடி எண்ணுது. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒருத்திதான் எதையும் எண்ணாம சோறாக்கிக்கினு கீறேன்."

என்னுடைய பயத்துக்குக் காரணம் கொடியில் தொங்கும் வெள்ளைப் புடவை. எங்கள் சபையில் அடக்க ஆராதனைக்குப் பெண்கள் வெள்ளை கட்டுவார்கள். அந்த அம்மாளிடம் ஒரே ஒரு வெள்ளைப் புடவைதான் உண்டு. வாரநாளில் அதைத் துவைத்து, நீலம் போட்டுக் கொடியில் உலர்த்தினால், மூன்று நாளைக்குள் சபையில் ஒரு சாவு விழும். நான் கவனிக்க ஆரம்பித்த பிறகு நான்கு தடவை உலர்த்தினார். நான்கு சாவு. நாலாவதை ஆசீர்வாதமும் கவனித்துவிட்டார் போலிருக்கிறது. அதன் பிறகு அந்தப் புடவை கொடிக்கு வரவில்லை. வீட்டுக்குள் உலர்த்தும்படி சொல்லியிருப்பார்.

காலனியில் இரண்டாவது டெலிவிஷன் என்னுடையது. சென்னை நிலையம் கிடைப்பதற்காக மொட்டைமாடியில் இருபத்திரண்டு அடிக் கம்பம் நட்டு ஆண்டெனா கட்டினேன். காற்றடித்தால் படம் முழுக்கப் புள்ளி. புதன்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் ஓர் ஆங்கிலத் தொடர் வந்துகொண்டிருந்தது. மாயசக்தி உள்ள ஒரு பெண், சாதாரண உத்தியோகஸ்தன் ஒருவனைக் கட்டிக்கொண்டு, வரிசை வீடுகள் உள்ள ஒரு தெருவில் குடித்தனம் செய்கிறாள். மாயம் செய்யக் கூடாது என்கிறான் கணவன். சரி என்கிறாள். வாராவாரம் ஏதோ ஒரு சங்கடம், வாராவாரம் செய்துவிடுகிறாள். எங்கள் கூடத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன்.

அந்தத் தொடரில் யாராவது வேடிக்கையாகப் பேசினால் உடனே ஒரு கூட்டம் சிரிக்கும். கூட்டத்தைக் காட்ட மாட்டார்கள்.

"எவரண்டி சிரிக்கிறது? ஒருத்தரையும் காணோமே" என்று கேட்டார் கடைசி வீட்டுத் தெலுங்கு அம்மாள்.

"முன்பே பதிவு செய்த சிரிப்பு. தேவையான இடத்தில் ஒட்டிவிடுவார்கள்" என்றேன்.

எதிர்வீட்டு அம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தனக்குத்தானே பேசுவதுபோல, "அதுல பாதிப் பேரு இப்ப இல்ல" என்றார். "கரகரன்னு ஒருத்தரு கடைசியா சிரிச்சி முடிக்கிறாரு பாருங்க, போன வாரமும் சிரிச்சாரே, அவரு போயி ரொம்ப வருசமாச்சி."

டெலிவிஷன் மட்டும் சிரித்தது. கரகரத்த குரல் ஒன்று கடைசியில் தனியாக ஓய்ந்தது. அதுவரை அதை நான் கவனித்ததே இல்லை. அதன் பிறகு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

ஆசீர்வாதம் ஒரே ஒரு புதன்கிழமைதான் பார்க்க வந்தார். அரை மணி நேரமும் கண் இமைக்காமல் பார்த்துவிட்டு, "சார், கடைசியில அந்த ஆளு ஜெயிப்பானா?" என்று கேட்டார்.

"வாராவாரம் தோற்றுப்போகிறான். அதுதான் வேடிக்கை."

"பாவம் சார்" என்றார்.

அன்றுதான் அது நடந்தது. ஓர் ஒழுங்குக்காக நான் சிரிப்புகளை எண்ணிக்கொண்டு வந்தேன். பதினெட்டாவதில் ஒரு வித்தியாசம் பட்டது. அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகுதான் டெலிவிஷனில் அந்த ஆள் தடுக்கி விழுந்தான், கூட்டம் சிரித்தது. பத்தொன்பதிலும் அப்படியே. இருபதிலும் அப்படியே. ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாதவர், சொல்லப்போகும் வேடிக்கைக்கு முன்கூட்டியே சிரித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. ஒவ்வொருவராக டெலிவிஷனை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எண்பத்துநான்கு சிரிப்பு முடிந்தபோது கூடத்தில் எல்லோரும் அவர் உட்கார்ந்திருந்த சுவரோரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசீர்வாதம் எழுந்து, "போதும், வா" என்று அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

அந்த வாரம் நான் செய்த காரியத்தை எழுதித்தான் ஆக வேண்டும். அப்போது நான் சபைச் செயலாளர். மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. அதில் பங்குபெறுகிறவர்கள் முந்தின சனிக்கிழமை செயலாளரிடம் வந்து பெயர் கொடுக்க வேண்டும். எத்தனை பெயரோ அத்தனை சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் திராட்சைரசம் ஊற்றுவேன். குறி பார்க்கிறவர்களுக்கு அதில் பங்கில்லை என்பது விதி. நான் போதகரிடம் போய், கதவு, பாதங்கள், புடவை, சிரிப்பு எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு ஒப்பித்தேன். விதியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் அந்தப் பாதங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தூக்கம் போயிருந்தது.

போதகர் கணவன் மனைவி இருவரையும் கோயில் வராந்தாவுக்கு அழைத்தார். நானும் இருந்தேன். சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நீ குறி சொல்றியாம்மா?"

"யாருக்கும் எதுவும் சொன்னதில்லீங்க, ஐயரே."

"தெரியுதா?"

ஆசீர்வாதம் குறுக்கிட்டார். "அவ யாருக்கும் கெடுதல் பண்ணலீங்க ஐயரே. அடக்கிக்கினுதான் கீறா."

"நான் உன்னைக் கேக்கல. தெரியுதாம்மா?"

"தெரியுதுங்க."

"அது நமக்கு வேண்டாத காரியம். கர்த்தர்கிட்ட கேட்டு விட்டுடு. அதுவரைக்கும்..."

"மூணு மாசந்தானே ஐயரே" என்றார் அந்த அம்மாள்.

ஆசீர்வாதம் கண்ணை மூடிக்கொண்டார். போதகர் என்னைப் பார்த்தார். நற்கருணையிலிருந்து மூன்று மாத விலக்கு என்று அவர் மனதில் வைத்திருந்ததை என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

அந்த மாத நற்கருணை ஞாயிற்றுக்கிழமை அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் முன்னால் போனார்கள். என் பட்டியலில் அறுபத்திரண்டு பேர் இருக்க வேண்டும், அறுபதுதான் இருந்தது. சுகிர்தமும் பெயர் கொடுக்கவில்லை. அவளும் கடைசி பெஞ்சில் அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில், "உனக்கென்ன தடை?" என்று கேட்டேன்.

"அதுக்கு இல்லாதது எனக்கும் வேணாம். நீங்க ரெண்டு கிண்ணம் கம்மியா கழுவுங்க, நல்லதுதானே."

இரண்டாவது மாதம் சுகிர்தத்துக்கு மார்பில் கட்டி இருப்பது தெரியவந்தது. வேலூருக்குப் போய்க் காட்டினோம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். இடையில் பதினெட்டு நாள். அவள் எப்போதும்போல இருந்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. யாரைக் கேட்கக் கூடாது என்று நானே போய்ச் சொல்லி வைத்தேனோ, அவரைக் கேட்க, பதினாறு நாள் மிச்சமிருக்கும்போது போனேன்.

வாசல் சந்தில் ஒரு சாக்குத் துணியை மடித்துத் திணித்திருந்தார்கள். பாதங்கள் இருந்தனவா இல்லையா என்று தெரியவில்லை. தட்டினேன். ஐந்து. "யாரு?"

கதவு திறந்ததும், வேலூரில் குறித்த தேதியிலிருந்து ஆரம்பித்துச் சுற்றி வளைத்தேன். அவர் எனக்கு உதவவில்லை. நானே சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"சுகிர்தம் திரும்பி வந்துவிடுவாளா? அதை மட்டும் சொல்லுங்கள்."

"எனக்கு எதுவும் தெரியாது சார்."

"நீங்கள் பொய் சொல்லாதவர்."

"ஐயரு வேண்டாம்னு சொன்னாரு. கேட்டு விட்டுட்டேன். இப்ப எதுவும் தெரியறதில்ல." குரலில் கோபமோ குத்தலோ இல்லை. நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கூடத்துக் கொடியில் ஏழு துணி தொங்கியது. ஒன்றும் வெள்ளை இல்லை. வெட்கமில்லாமல் இரண்டு தரம் எண்ணினேன்.

பத்தொன்பது எட்டையும் வேகமாக நடந்து வீட்டுக்கு வந்தேன். "அந்த அம்மாளுக்கு எதுவும் தெரியவில்லையாம். கொடியில் வெள்ளையும் இல்லை" என்று சுகிர்தத்திடம் சொன்னேன். "அப்படின்னா நிம்மதியா துன்னுங்க" என்று தட்டைப் போட்டாள். அன்று மூன்று தோசை சாப்பிட்டேன். அதன் பிறகு வேலூர் போகும்வரை நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். அறுவை சிகிச்சை முடிந்து, பிழைத்துக்கொண்டாள் என்று எல்லோரும் சொன்ன பிறகு, ஒன்பதாம் நாள் மத்தியானம் இறந்துபோனாள்.

அடக்கத்துக்கு அந்த அம்மாள் வெள்ளை உடுத்தி வந்தார். புடவை உலர்ந்து, மடிப்புக் கலையாமல் இருந்தது. நான் அவரோடு பேசவில்லை. அடுத்த இரண்டாம் மாதம் ஆசீர்வாதத்துக்குத் திருப்பதிக்கு மாற்றலாகிவிட்டது.

ஒரு வருடம் பொறுத்தேன். பிறகு ஒரு விடுமுறை நாளில் விலாசம் விசாரித்துக்கொண்டு ரயில் ஏறினேன். பாகாலாவில் வண்டி நாற்பது நிமிடம் நின்றது. அந்த நாற்பது நிமிடத்தில் கேட்க வேண்டிய கேள்வியை எத்தனையோ விதமாக மாற்றி அமைத்தேன். திருப்பதியில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஒடுங்கிய தெருவில் மாடி வீடு. கதவின் கீழே சந்து இல்லை. தட்டினேன். ஐந்து கடந்தது, பத்து கடந்தது. மறுபடி தட்டினேன். அந்த அம்மாள் வந்து திறந்தார். ரொம்பவும் இளைத்திருந்தார். கதவைத் திறந்ததுமே அழ ஆரம்பித்துவிட்டார்.

ஆசீர்வாதம் நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

"தெரிந்துதானே தெரியாது என்றீர்கள்?"

"ஆமா சார்."

"என்னைப் பழிவாங்கவா?"

"ஐயோ, இல்ல சார்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க வந்ததுக்கு முந்தின நாளு உங்க வீட்டு அம்மா வந்தாங்க. அவங்க தட்டவே இல்ல. சும்மா வந்து நின்னாங்க. நான் உள்ளாற நின்னுக்கினு கீறேன். அஞ்சு எண்ணினேன், இருவது எண்ணினேன், தாப்பா மேல கை வெச்சா கை நகரல. அம்மா குனிஞ்சி அந்தச் சாக்கை இழுத்துப் போட்டாங்க. 'ஏண்டி கால் இப்படி நடுங்குது? சாவப்போறது நானா நீயா?'ன்னு கேட்டாங்க."

ஆசீர்வாதம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திறந்தேன். எத்தினி நாளுன்னு கேட்டாங்க. சொல்லிட்டேன் சார். இவருக்குக் குடுத்த வாக்கும் போச்சி, ஐயருக்குக் குடுத்த வாக்கும் போச்சி. நாளைக்குச் சாரு வருவாரு, தெரியாதுன்னு சொல்லிடுன்னாங்க. வெள்ளைப் புடவை கண்ணுல படக் கூடாதுன்னாங்க. 'தெரிஞ்சா அந்த மனுஷன் நாளை எண்ண ஆரம்பிச்சிடுவாரு, சோறு எறங்காது, என்னையும் நிம்மதியா சாவ வுட மாட்டாரு'ன்னாங்க."

"எத்தனை நாள் என்று சொன்னீர்கள்?"

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். "சொல்லு" என்றார் ஆசீர்வாதம். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"இருவத்தாறு."

கணக்குச் சரியாக இருந்தது. முந்தின நாளிலிருந்து பதினேழாம் நாள் அறுவை சிகிச்சை. அதிலிருந்து ஒன்பதாம் நாள். காபி கொடுத்தார்கள், குடித்தேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

திரும்பும் வண்டியில்தான் அது ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டரின் தாளைக் கிழிப்பது என் வேலை. கல்யாணமான நாளிலிருந்து நான்தான் கிழிப்பேன். வேலூர் போவதற்கு முந்தின அந்த நாட்களில், நான் எழுந்து வருவதற்குள் சுகிர்தம் கிழித்துவிடுவாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. "என் வேலையில் ஏன் கை வைக்கிறாய்?" என்று இரண்டு தடவை சண்டை போட்டேன். "நீங்க கிழிச்சா இன்னா, நான் கிழிச்சா இன்னா, காகிதந்தானே" என்றாள். வேலூருக்குக் கிளம்பும்போது ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். "ஏன், ஆஸ்பத்திரியில் தேதி மாறாதா?" என்று கேலி செய்தேன்.

அங்கேயும் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வலியோடு கையைத் தூக்கித் தினமும் கிழித்தாள். ஒன்பதாம் நாள் காலையில் காலண்டரை என் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னிக்கி நீங்க கிழிங்க."

ஒருவழியாக என் வேலையை என்னிடமே கொடுத்தாளே என்று சந்தோஷமாகக் கிழித்தேன். தாளைக் கசக்கிக் கட்டிலுக்கு அடியில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, காபி வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.